துணி மடிக்கத் தெரியாத இளவரசர்கள்

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ல சென்னை, பெங்களூர்லேர்ந்து ஊருக்குப் போற நம்ம பொட்டி தட்டுற பசங்க பையைத் திறந்து பாருங்க. பாதி அழுக்குத் துணியா இருக்கும். இருபத்தஞ்சு வயசிலயும் துவைக்க அம்மா!

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வுப்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் செலவிடுவது நாளுக்கு 289 நிமிஷம், ஆண்கள் 88. அதுவும் வீட்டு வேலை செய்யுற ஆண்களோட கணக்குதான் இது! இந்த வித்தியாசம் கல்யாணத்தன்னிக்குத் திடீர்னு முளைக்கல. "பாப்பா, துணியை மடி, தம்பி, நீ போய் விளையாடு"ன்னு சொன்ன அன்னிக்கே ஆரம்பிச்சாச்சு.

பெரிய வித்தையெல்லாம் இல்லைங்க. அஞ்சு வயசுல சாக்ஸ் ஜோடி சேர்க்கலாம். எட்டு வயசுல பாக்கெட்டைத் துழாவி, வெள்ளை யூனிஃபார்மைத் தனியாப் பிரிச்சு, கொடியில கிளிப் மாட்டலாம். பன்னெண்டு வயசுல மெஷினே போடலாம். ப்ளீச் மட்டும் கைக்கு எட்டாம இருக்கட்டும். மடிப்பு கோணலா இருந்தா பிரிச்சு மறுபடி மடிக்காதீங்க. அடுத்த நாள் பையன் அந்தப் பக்கமே வரமாட்டான்.

முக்கியமா, "அம்மாவுக்கு ஹெல்ப் பண்ணு"ன்னு சொல்லாதீங்க மக்கா. ஹெல்ப்னு சொன்னாலே வேலை அம்மாவோடதுன்னு ஆயிடுது. போட்டு அழுக்காக்கினது அவன் சட்டைதானே? :-)