நுனிநாக்கு வியாபாரம்

நகரப் பேருந்தின் முதுகில் புதிதாக ஒரு விளம்பரம் ஏறியிருக்கிறது: ‘முப்பதே நாளில் நுனிநாக்கு ஆங்கிலம்!’ டை கட்டிய இளைஞர் ஒருவர் அதில் பல் தெரியச் சிரிக்கிறார். ஆங்கிலம் தொண்டையையும் உதட்டையும் கைவிட்டு நாக்கின் நுனியில் மட்டும் போய்க் குடியேறியது எப்போது என்று கேட்க ஆளில்லை. கேட்டால் பொறாமை என்பார்கள்.

நுனிநாக்கு பக்தர்களின் கொள்கை எளிமையானது. ‘ர’வைச் சுருட்டி, ‘ட’வைப் பாதி விழுங்கி, கொஞ்சம் மூக்கால் இழுத்தால் உச்சரிப்பு வந்துவிடும். சரி, அப்படிச் சுருட்டிப் பழகியவரை ஆங்கில வாக்கியம் ஒன்றில் ‘ஹோட்டல்’ என்று சொல்லச் சொல்லுங்கள். ‘ஹோ’வில் ஓங்கி அடித்து, ‘டல்’லை அமுக்கிவிடுவார். வேண்டியதோ நேர்மாறு: ‘ஹோ’ தணிந்து வர, அழுத்தம் ‘டெல்’ மேல் விழ வேண்டும்.

ஆங்கிலத்தில் அழுத்தம் பெறும் அசை நீளும், உரக்க ஒலிக்கும், சுருதியும் மாறும். மற்ற அசைகளின் உயிரொலி பெரும்பாலும் மங்கி, ‘ஷ்வா’ எனப்படும் அரைகுறை ஒலியாகத் தேய்ந்துவிடும். இந்த ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் கேட்பவர் சொல்லை அடையாளம் காண்கிறார். ‘ரெக்கார்டு’ பெயர்ச்சொல்லாக வந்தால் அழுத்தம் முதல் அசையில். வினைச்சொல்லாக வந்தால் இரண்டாவதில். தமிழில் அழுத்தம் மாறினால் பொருள் மாறுவதில்லை. அதனால் ‘டெவலப்’, ‘கமிட்டி’ இரண்டையும் நாம் தலையிலேயே தட்டுகிறோம். இரண்டுக்கும் அழுத்தம் நடு அசையில். தமிழ் பேசும்போது ‘ஹோட்டல்’ நம் சொல். பரோட்டா வாசனையோடு அப்படியே இருக்கட்டும். லண்டன் வாடிக்கையாளருக்குத் தொலைபேசியில் அறை பதிவு செய்கிறவருக்குத்தான் இந்தப் பேச்சு.

இது புதுக் கண்டுபிடிப்புமல்ல. இந்தியர் பேசும் ஆங்கிலம் பிறருக்கு எவ்வளவு புரிகிறது என்று ஹைதராபாத்தின் மத்திய ஆங்கில நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்.கே. பன்சல் ஆராய்ந்து, 1969-ல் நூலாகவே வெளியிட்டார். புரியாமைக்கு அவர் கண்ட முக்கியக் காரணங்களில் சொல்லழுத்தப் பிழையும் ஒன்று. அரை நூற்றாண்டு கடந்தும் பயிற்சி மையங்கள் நாக்கையே சுருட்டிக்கொண்டிருக்கின்றன.

எந்த ஆங்கிலத்துக்காக இந்தப் பாடு? 1917-ல் டேனியல் ஜோன்ஸ் தொகுத்த உச்சரிப்பு அகராதி, இங்கிலாந்தின் பெரிய விடுதிப் பள்ளிகளில் ஆண்கள் படித்த குடும்பங்களின் பேச்சை அளவுகோலாக வைத்தது. அதைப் பேசுவோர் பிரிட்டனிலேயே சுமார் 3 விழுக்காடுதான் என 1970-களில் மொழியியலாளர் பீட்டர் டிரட்கில் மதிப்பிட்டார். மற்ற 97 பேரும் எந்த மையத்தில் சேர்வதாம்? 1941-ல் யார்க்‌ஷயர்க்காரர் வில்ஃபிரட் பிக்கிள்ஸ் தம் ஊர்ப் பேச்சின் சாயலோடு பிபிசியில் செய்தி வாசித்தபோது அங்கேயும் சிலர் முகம் சுளித்தார்கள். லண்டன்காரரும் கிளாஸ்கோகாரரும் நியூயார்க்காரரும் ‘ர’வை ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். ‘ஹோட்டல்’ என்று வந்தால் மூவரும் ‘டெல்’லில் வந்து சேர்கிறார்கள். நம்மவர் மட்டும் ‘ர’வைச் சுருட்டிக்கொண்டு ‘ஹோ’வில் நிற்கிறார்.

இதே நாக்குதான் ‘தமிழ்’ என்று சொல்ல வரும்போது ‘தமில்’ என்று வழுக்குகிறது. தொலைக்காட்சித் தொகுப்பாளர்களுக்கு அது நளினம். கிராமத்துப் பையன் ‘இஸ்கூல்’ என்றால் மட்டும் நகைச்சுவை. வளாகத்தில் தமிழ் பேசினால் அபராதம் போடும் பள்ளிகள் தனிக் கதை. அந்தப் பணத்தில் ஆளுக்கொரு அகராதி வாங்கித் தந்திருக்கலாம். அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் அதில் சின்னக் கோடு போட்டிருக்கும். கைபேசி அகராதி காசில்லாமல் சொல்லியே காட்டுகிறது.

அரசுத் தேர்வின் லட்சணமும் தெரிந்ததே. பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் சொல்லை அசை பிரித்து எழுதும் வினா வந்ததுண்டு. பிள்ளைகள் வாயே திறக்காமல் பேனாவால் பிரித்து மதிப்பெண் வாங்கினார்கள். ‘ஹோட்டல்’ இரண்டு அசை என்று எழுதத் தெரியும். எந்த அசையை அழுத்துவது என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை.