சலுகையன்று, உரிமை!

காணியை ஈடுவைத்த பணத்துடன் ஊரிலிருந்து வந்து புறக்கோட்டையில் பஸ் இறங்கும் மாணவருள் பார்வையற்றோரும் நடக்க இயலாதோரும் உளர். கொழும்புக் கல்லூரிகள் பலவற்றில் அவர்களை முதலில் எதிர்கொள்வது எது? படிக்கட்டு! அதைத் தாண்டினால், பரீட்சையில் சற்றுக் கூடுதல் நேரத்திற்கும் விடை எழுத ஓர் ஆளுக்கும் ஒவ்வோர் அறை வாசலிலும் இரந்து நிற்க வேண்டும்.

இயலாமையைக் காட்டிக் கல்வி நிலையத்தில் இடம் மறுக்கலாகாது என்கிறது 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். இடம் கொடுத்தபின் செய்யவேண்டிய வசதிகளையோ அது வகுத்துரைக்கவில்லை. மதகைத் திறந்து வாய்க்காலை அடைத்தால் பயிர் விளையுமா? பொதுக் கட்டிடங்களுக்கு 2006இல் ஒழுங்குவிதிகள் பிறந்தன. தவணை கடந்தும் படிகள் பல அப்படியே நிற்கின்றன. 2016இல் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐ.நா. உடன்படிக்கை, நியாயமான வசதியை மறுப்பதே பாகுபாடு என்கிறது. எழுதக் கைவராத தேர்வர் ஒருவருக்கு எழுத்தர் பெறும் உரிமை உண்டென இந்திய உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது.

"தரம் தாழ்ந்துவிடும்" என்பார் சிலர். வினாவும் மாறவில்லை, விடையும் மாறவில்லை. எழுதும் வழியே மாறுகிறது. மூக்குக்கண்ணாடி அணிந்து பரீட்சை எழுதியோர் தரத்தைத் தாழ்த்தினரோ?

எவரிடம் விண்ணப்பிப்பது, எத்தனை நாளில் முடிவு என்பதைக் கல்லூரிகள் அனுமதிக் கைந்நூலிலேயே அச்சிடட்டும். மறுப்பின் காரணத்தை எழுத்தில் தரட்டும். மாணவர்களே, எழுத்தில் கேளுங்கள். மறுமொழியையும் எழுத்திலேயே பெறுங்கள். நாம் வேண்டுவது இரக்கமன்று, நீதி!