உலைக்களமும் லயமும்

கூரை ஒழுகும் லயத்தில் வாழ்பவனுக்குப் பழைய இரும்புக் கிட்டம் எதற்கு என்று நம் அணியிலேயே நண்பர் சிலர் கேட்கின்றனர். சோறும் வீடும் முதலில் வேண்டும் என்பதில் நமக்கும் இரண்டாவது கருத்தில்லை. ஆனால் உழைப்பாளியின் சரித்திரத்தை உணவுக்குப் பிறகு பரிமாறும் வெற்றிலையாகக் கருதுவதை நாம் ஒப்ப முடியாது.

மலையகத்தின் தென்சரிவில், பலாங்கொடைக்கு அண்மையில், சமனலவெவ நீர்த்தேக்கம் அமையவிருந்த நிலத்தை 1988இல் ஆராய்ந்தபோது பண்டை இரும்புருக்குக் களங்கள் பல வெளிப்பட்டன. கி.பி. முதலாயிரத்தாண்டில் அங்கு பெருந்தொழிலொன்று நடந்திருக்கிறது. அவ்வுலைகளுக்குத் துருத்தி இல்லை. மேற்கு நோக்கிய முகடுகளில் அவற்றைக் கட்டினர். பருவக்காற்று முன்சுவரின் விளிம்பைத் தாண்டிப் பாயும்போது உலையினுள் அமுக்கம் குறையும். உடனே அடியில் வரிசையாகப் பதித்த மண்குழாய்கள் வழியே வெளிக்காற்று உள்ளே இழுபடும். உருக்கி முடிந்ததும் முன்சுவரை இடித்து இரும்பை எடுப்பர். அடுத்த முறைக்குப் புதிதாய்க் களிமண் பூசுவர். காற்றை மட்டும் நம்பி நல்லிரும்பு ஆக்கவியலாது என்றிருந்த நிபுணரின் எண்ணத்தை, கில் ஜூலெஃப் என்ற ஆராய்ச்சியாளர் மாதிரி உலைகள் கட்டி எரித்துப் பொய்யாக்கினார். கரிச்சத்து மிகுந்த உருக்கே கிடைத்தது. 1996இல் 'நேச்சர்' இதழ் அதனை வெளியிட்டது.

அந்தக் காற்று நமக்குப் புதியதன்று. ஆடியில் அட்டன் மலைகளில் லயத்துத் தகரங்களைப் பெயர்த்தெறிவது அதுவேயன்றோ! நம் மாணவர் அஞ்சும் காற்றைக் கொழுந்து பறிப்போரைப் போன்ற எளிய மனிதர் அன்று வேலை வாங்கினர்.

களங்கள் பல நீருள் மூழ்கின. மின்சாரம் வேண்டாமென்று நாம் வாதிடவில்லை. எஞ்சிய முகடொன்றில் அவ்வுலைக்களத்தை மீளக் கட்டித் திறந்தவெளி அரும்பொருட்காட்சியகம் ஆக்குக என்கிறோம். கண்ணாடிப் பெட்டிக்குள் சாயம் பூசிய பொம்மை வேண்டாம். டென்மார்க்கின் லைரேயில் 1964 முதல் இரும்புக்கால வீடுகளைக் கட்டி, பண்டைத் தொழில்களைச் செய்து பார்த்து வருகின்றனர். இங்கும் தாது சுமந்தவன், கரி சுட்டவன், மண் பிசைந்தவன் ஆகியோரின் வேலை கண்முன் நடக்க வேண்டும். ஹந்தானைத் தேயிலைக் காட்சியகத்தில் இயந்திரங்களும் ஜேம்ஸ் டெயிலரின் உடைமைகளும் பளபளக்கின்றன. பறித்த கையைக் காண, பழைய லயமொன்றில் அமைந்த இறம்பொடைத் தொழிலாளர் காட்சியகத்துக்கே செல்ல வேண்டியிருக்கிறது.

உருக்கியவன் சிங்களவனா, தமிழனா என்று கிளம்பும் கூட்டமொன்றும் உண்டு. கிட்டத்தில் இனம் பொறித்திருக்கவில்லை! தமிழ்நாட்டிலும் சிவகளை இரும்பின் தொன்மை 2025 சனவரியில் அறிவிக்கப்பட்டதும் மேடைகள் ஆண்டுக்கணக்கில் மயங்கின. உலையருகே வெந்தவனைப் பேசியோர் எத்தனை பேர்? அரசர் பெயர்ப்பலகையும் கொடியும் நாட்டுவதற்காயின், அம்முகட்டைப் புல்லுக்கே விட்டுவிடலாம்.

காற்று வீசும் ஆடி, ஆவணியில் அட்டன் மாணவனும் பலாங்கொடை மாணவனும் அங்கே ஒன்றாகக் களிமண் பிசைந்து முன்சுவர் எழுப்பட்டும். பஸ் செலவைக் கல்வித் திணைக்களம் ஏற்கட்டும்.