ஓரணாச் சோற்றை மறித்தது யார்?

பழைய பள்ளிக்கூடத்து ஆண்டு விழா என்றால் ஒரே பாட்டுதான். சுவரில் தருமப் பிரபுவின் படம், படத்துக்கு மாலை. "அவர் கொடுத்தார், இவர் கட்டினார்" என்று கனவான்கள் அளந்து தள்ளுவார்கள். பெஞ்சில் பசியோடு உட்கார்ந்த பிள்ளையைப் பற்றி மூச்சு விட மாட்டார்கள். சென்னை கார்ப்பரேஷன் பள்ளிகளின் சரித்திரத்தை நாம் அந்தப் பெஞ்சிலிருந்து சொல்கிறோம்.

1920ஆம் வருஷம். நகரசபைத் தலைவர் பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்கு கார்ப்பரேஷன் பள்ளியில் பிள்ளைகள் சேரவில்லை. காரணம் வறுமை என்று அவரே சபையில் சொன்னார். பிள்ளை ஒன்றுக்கு நாளைக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் பகலுணவு போடத் தீர்மானம் நிறைவேறியது. பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கும் சோறு போயிற்று. நல்ல காரியம்தான். நாம் மறுக்கவில்லை.

பலன் என்ன தெரியுமா? 1922-23இல் இந்த ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து 811 பிள்ளைகள். 1924-25இல் 1,671! கூலிக்காரன் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று பேசித் திரிந்தவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். ஏறாமல் இருந்தது படிப்பல்ல, வயிற்றுக்குள் கஞ்சி!

1925 ஏப்ரல் 1. சோறு நின்றது. பஞ்சமா? அரிசி இல்லையா? அதெல்லாம் ஒன்றுமில்லை. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவழிக்கக் கூடாது என்று சர்க்கார் தடுத்துவிட்டது. பலகைக்குப் பணம் உண்டு, பென்சிலுக்குப் பணம் உண்டு, சோற்றுக்கு மட்டும் கிடையாதாம்! கவர்னர் வெள்ளைக்காரர், சரி. ஆனால் கல்வி இலாகா மந்திரிகள் கையில் அல்லவா இருந்தது? அந்த மந்திரிகள் யார்? தியாகராயரின் சொந்த நீதிக் கட்சிக்காரர்கள்! 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில் சாதியால் தொழிலாளர் பிளவுபட்டபோது, ஆதி திராவிடருக்குச் சர்க்கார் செல்லம் கொடுக்கிறது என்று குறை சொன்னவர்களும் இந்தக் கட்சித் தலைவர்கள்தான். எம்.சி. ராஜா 1923இல் அக்கட்சியைவிட்டு வெளியேறினார். விழா மேடையில் இந்த அத்தியாயத்தைப் படிக்க மாட்டார்கள்.

1927இல் 25 பள்ளிகளில் ஏறக்குறைய 1,000 ஏழைப் பிள்ளைகளுக்கு மறுபடியும் சோறு கிடைத்தது. 1953இல் ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார். அரைநாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் தகப்பன் தொழில் என்றார். பண்ணையாள் மகன் பண்ணையாளாகவே இருக்க வேண்டும் என்பதுதானே இதற்கு அர்த்தம்? எதிர்ப்பில் 1954இல் அது ஒழிந்தது. 1956இல் காமராஜ் காலத்துப் பகலுணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022இல் காலைச் சிற்றுண்டி.

ஒவ்வொரு முறையும் ஒரு கூட்டம் "இலவசம், இலவசம்" என்று முணுமுணுக்கிறது. யார் வீட்டுப் பணம் ஐயா? துறைமுகத்தில் சுமை தூக்குகிறவனும், காசிமேட்டில் மீன் விற்கிறவளும், நாற்று நடுகிறவளும் சோப்பு வாங்கினால் வரி, செருப்பு வாங்கினால் வரி. கொடுத்தவன் வாங்கினால் அது இலவசமா?

பழைய தந்திரம் புது வேஷத்தில் வருகிறது. 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு வர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாயை டில்லி சர்க்கார் பிடித்து வைத்தது. புதிய கல்விக் கொள்கைக்குக் கட்டுப்பட்டுக் கையெழுத்துப் போடு, பிறகு பணம் என்றது. அன்று ஓரணா, இன்று கோடி. மறிக்கிற கை மேலேதான் இருக்கிறது.

திருவொற்றியூர், எண்ணூர், ராயபுரம் தோழர்களே! கிராமத்துத் தோழர்களே! 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் அந்த இடங்களில் உட்கார்ந்திருப்பது யார்? அடுத்த கூட்டத்துக்கு ஒரு வேளை கூலி போனாலும் போகட்டும், போய் உட்காருங்கள். எத்தனை வாத்தியார் இடம் காலி, அரிசி எப்படி இருக்கிறது, கக்கூஸில் தண்ணீர் வருகிறதா என்று கேளுங்கள். பதிலை நோட்டில் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள்.