பிசியோ உதவியாளருக்கு யார் பொறுப்பு?

பிசியோதெரபிஸ்டுகள் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போடக் கூடாது என்று 2025 செப்டம்பர் 9 அன்று டெல்லியிலிருந்து மத்திய சுகாதாரத் துறையின் கடிதம் வந்தது. மறுநாளே அது திரும்பப் பெறப்பட்டது. அந்த இழுபறியைப் பற்றி மருத்துவர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் நிறையவே பேசிவிட்டார்கள். நம் கோபம் வேறு. அந்த ஆண்டு ஏப்ரலில் வந்த புதிய பாடத்திட்டம் பட்டப்படிப்பை ஐந்தாண்டாக்கியது, அந்த முன்னொட்டையும் அனுமதித்தது. சிகிச்சை அறையில் நோயாளியைத் தூக்கி நிறுத்தும் உதவியாளரை மட்டும் மறந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் தோள்பட்டை இறுகிப்போன லேத் தொழிலாளியும், ஆவடியில் பக்கவாதம் வந்து படுத்த பெரியவரும் முதல் நாள் பார்ப்பது பட்டம் பெற்றவரை. அதன்பின் பல கிளினிக்குகளில் மெஷின் வைப்பதும் கைகாலை அசைத்துவிடுவதும் உதவியாளர்தான். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்பினால் தோள்மூட்டு நழுவும் என்று அவருக்கு யார் சொல்லித்தந்தார்கள்? அல்ட்ராசவுண்ட் கருவியை நகர்த்தாமல் ஒரே இடத்தில் வைத்தால் எலும்பின் மேலுறை சுடும். பேஸ்மேக்கர் இருப்பவருக்கு ஷார்ட்வேவ் டயதெர்மி கொடுக்கவே கூடாது. எலும்பில் பிளேட் இருக்கும் இடத்திலும் கூடாது. இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஸ்விட்சைப் போட்டு ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால், அந்த உதவியாளர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

துணை மருத்துவத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் 2021ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் அட்டவணையில் பிசியோதெரபி என்ற தலைப்பின் கீழ் பிசியோதெரபிஸ்ட் மட்டுமே. அந்த அட்டவணை பின்பற்றும் பன்னாட்டுத் தொழில் வகைப்பாட்டிலோ உதவியாளருக்கு 3255 என்று தனி எண்ணே இருக்கிறது. எண்களை எடுத்துக்கொண்டவர்கள் இந்த எண்ணை ஏன் விட்டார்கள்? அமெரிக்காவில் உதவியாளர் இரண்டாண்டு படித்து, தேசியத் தேர்வு எழுதி, மாநில உரிமம் பெற்று, பிசியோதெரபிஸ்டின் மேற்பார்வையில் வேலை செய்கிறார்.

டெல்லி கோட்டைவிடுவது புதிதல்ல. இந்தத் தொழில்களை ஒழுங்குபடுத்த 2007இல் கொண்டுவந்த மசோதா காலாவதியானது. 2018இல் இன்னொன்று வந்தது, அதுவும் சட்டமாகவில்லை. 2021இல் சட்டம் வந்தது. ஆறு மாதத்தில் மாநிலக் கவுன்சில்கள் அமைய வேண்டும் என்றது. மூன்றாண்டு கழித்து, 2024 ஆகஸ்டில், உச்ச நீதிமன்றம் அக்டோபர் 12 என்று கெடு வைக்க வேண்டியிருந்தது. பெயர்ப் பலகைக்கு அடுத்தடுத்த நாளில் கடிதமும் மறுகடிதமும் எழுத முடிந்தவர்களுக்கு, நோயாளியின் உடம்புக்குப் பாதுகாப்பு தர இத்தனை ஆண்டும் போதவில்லை. இது வெட்கக்கேடு.

உதவியாளருக்கு முறையான படிப்பும் பதிவும் மேற்பார்வை விதியும் வேண்டும். எந்த வடிவில் என்பதை டெல்லியும் சென்னையும் உட்கார்ந்து முடிவு செய்யட்டும். ஆனால் இப்போது வேலையில் இருப்பவர்களை அந்தச் சாக்கில் வெளியே தள்ளக் கூடாது. சொற்பச் சம்பளத்துக்கு நாள் முழுதும் ஆளைத் தூக்கித் தங்கள் முதுகைக் கெடுத்துக்கொள்பவர்கள் அவர்கள். முதல் வகுப்பில் உட்கார வேண்டியவர்களும் அவர்களே.