தரவுத்தளப் பயிற்சியில் முதற்பாடம்

கணிப்பொறிக்கு நிரல் எழுதப் பழகும் மாணவர் சில வாரங்களில் திரையிலே பெட்டிகளையும் பொத்தான்களையும் அமைக்கக் கற்றுக்கொள்கிறார். எண்களைக் கணக்கிட்டு விடையைத் திரையில் காட்டுவதும் அவருக்குக் கைவந்துவிடுகிறது. அதன் பின்னர் அவர் எதிர்ப்படும் முதற் பெருந்தடை, தமது நிரலைத் தரவுத்தளம் ஒன்றுடன் இணைப்பதாகும். இவ்விடத்தில் தோன்றும் ஐயங்கள் ஏறக்குறைய எல்லா மாணவருக்கும் பொதுவானவை. இணைப்பு ஏன் கிட்டவில்லை? நேற்றுச் சேர்த்த பதிவு இன்று எங்கே போயிற்று? எல்லாப் பெயர்களையும் ஏற்கும் நிரல் ஒரு பெயரை மட்டும் ஏன் மறுக்கிறது?

இவ்வினாக்கள் அற்பமானவையாகத் தோன்றலாம். ஆயினும், பயிற்சிக்கென எழுதப்படும் நிரல் பயிற்சியறையோடு நின்றுவிடுவதில்லை. மாணவர் பட்டம் பெறும் பொருட்டு எழுதிய நிரலே சிறிது மாற்றப்பெற்று, கூட்டுறவுச் சங்கத்திலோ, மருந்துக் கடையிலோ, சிறு மருத்துவமனையிலோ பணிக்கு அமர்த்தப்படுவது இந்நாட்டில் வழக்கம். பெரிய வங்கிகளும் அரசாங்க இலாகாக்களும் தேர்ந்த நிபுணர்களை அமர்த்திக்கொள்ளும்; சிறிய ஸ்தாபனங்களின் ஏடுகளோ தொடக்க மாணவர் கையில்தான் உள்ளன. ஆகவே முதல் ஐயத்திற்கு அளிக்கப்படும் முதல் விடை, யாரோ ஒரு நோயாளியின் குறிப்பையும் யாரோ ஓர் உறுப்பினரின் சேமிப்பையும் தொடுகிறது. இன்று பரவலாக வழங்கும் விடை, வேலையை அப்போதைக்கு முடித்துக் கொடுக்கும் குறுக்குவழியாகவே உள்ளது. அது மாற வேண்டும்.

இரு தரப்பினரின் உரையாடல்

1970ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் கணித அறிஞர், தரவுகளை வரிசைகளும் பத்திகளும் கொண்ட அட்டவணைகளாகக் கருதும் முறையை ஒரு கட்டுரையில் வெளியிட்டார். தரவு எந்த வட்டில், எந்த ஒழுங்கில் கிடக்கிறது என்பதை நிரல் அறிய வேண்டுவதில்லை. தனக்கு வேண்டுவது யாது என்று கூறினால் போதும் என்பது அம்முறையின் சாரம். அவ்வாறு கூறுவதற்கான மொழியை 1974-ல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்டு சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகிய இருவரும் வகுத்தனர். எஸ்.க்யூ.எல். என இன்று வழங்குவது அதன் வழிவந்ததே. வெவ்வேறு நிறுவனங்களின் தரவுத்தளங்களோடு ஒரே முறையில் பேசுவதற்கான ஓ.டி.பி.சி. என்னும் பொது ஏற்பாட்டை 1992-ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்டது. ஜாவா மொழிக்கு அத்தகைய ஏற்பாடு 1997-ல் கிடைத்தது.

இச்சரித்திரம் பாடநூல்களில் இரண்டொரு வரிகளில் இடம்பெறுவதுண்டு. அதன் உட்பொருளோ மாணவருக்கு எடுத்துரைக்கப்படுவதில்லை. நிரலும் தரவுத்தளமும் தனித்தனியான இரு தரப்பினர். இடையே மொழிபெயர்ப்பாளர் போன்ற ஓர் இயக்கி நிற்கிறது. மூவரும் இசைந்தாலன்றி உரையாடல் நிகழாது. இதனை உணர்ந்த மாணவருக்கு இணைப்பு பற்றிய ஐயங்களிற் பெரும்பகுதி தாமே தீர்ந்துவிடும். பழைய ஆக்சஸ் கோப்புகளைத் திறக்கும் ஜெட் இயக்கி 32 பிட் நிரல்களுக்கு மட்டுமே கிடைப்பது. 64 பிட்டாக ஆக்கப்பெற்ற நிரல் அதனை அழைத்தால், அப்படியோர் இயக்கி பதிவாகவில்லை என்னும் செய்தியே திரும்பி வரும். நிரலிலோ தரவுத்தளத்திலோ பழுது ஏதும் இல்லை. மொழிபெயர்ப்பாளர்தான் அவ்வறையில் இல்லை. இதனை அறியாத மாணவர் பிழையற்ற வரிகளை நாள் முழுதும் மாற்றி மாற்றி எழுதிச் சோர்வடைகிறார்.

காணாமற்போகும் பதிவின் கதையும் இத்தகையதே. விஷுவல் ஸ்டுடியோ போன்ற பணிக்கூடத்தில் நிரலை ஆக்கும்போது, தரவுத்தளக் கோப்பின் பிரதி ஒன்று நிரல் இயங்கும் அடைவிற்கு நகலெடுக்கப்படுவதுண்டு. நிரல் எழுதுவது அந்த நகலில். மாணவர் திறந்து பார்ப்பதோ மூலத்தை. ஒவ்வொரு முறை ஆக்கும்போதும் நகலெடுக்குமாறு அமைத்திருப்பின், அடுத்த முறை வெற்று மூலம் பழைய நகலின்மீது படிந்து, சேர்த்தவை யாவும் அழிந்துபோகும். தரவு எங்கே உள்ளது என்னும் கேள்வியை முதல் நாளிலேயே எழுப்பக் கற்றவர் இந்தப் புதிரைக் கண்டு மயங்கமாட்டார்.

பெயரும் கட்டளையும்

அடுத்தது இவற்றினும் பெரிய குறை. பயனாளர் பெட்டியில் இட்ட சொல்லைத் தரவுத்தளத்திற்கு அனுப்பும் வழி யாதென வினவும் மாணவருக்கு, கட்டளையின் முற்பகுதியையும் பயனாளரின் சொல்லையும் கட்டளையின் பிற்பகுதியையும் ஒரே சரமாக ஒட்டி அனுப்பும் முறையே பெரும்பாலும் காட்டப்படுகிறது. பார்ப்பதற்கு எளிது, உடனே பயனும் தெரிகிறது. ஆனால் இம்முறையில், எது கட்டளை, எது வெறும் பெயர் என்று தரவுத்தளம் பிரித்தறிய வழியில்லை. பெயர் முடியும் இடத்தை ஒற்றை மேற்கோள் குறி ஒன்றே அதற்கு அறிவிக்கிறது.

கோவாவிலும் மங்களூரிலும் பரவலாக வழங்கும் டிசூசா என்னும் குடும்பப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுங்கால், முதலெழுத்தை அடுத்து அதே ஒற்றைக் குறி வரும். அக்குறியைக் கண்டதும் பெயர் முடிந்துவிட்டதெனத் தரவுத்தளம் கொள்கிறது. எஞ்சிய எழுத்துகளைக் கட்டளையெனக் கருதிக் குழம்பி, பிழையென்று அறிவிக்கிறது. ஒரு பெயரை மட்டும் நிரல் மறுக்கும் மர்மம் இதுவே.

பெயரால் தற்செயலாக நேரும் இதனையே தீய எண்ணம் உடையவர் வேண்டுமென்றே செய்யலாம். கடவுச்சொல் கேட்கும் பெட்டியில் ஒற்றைக் குறியொன்றை இட்டு, அதனை அடுத்து 'அல்லது ஒன்றும் ஒன்றும் சமம்' எனப் பொருள்படும் கட்டளைச் சொற்களை எழுதினால், எந்தக் கடவுச்சொல்லும் இன்றிக் கதவு திறந்துவிடக்கூடும். இவ்வழி 1998-ல் பிராக் என்னும் இதழில் வெளிப்படையாக விவரிக்கப்பட்டது. அதன் பின்னர் கால் நூற்றாண்டிற்கு மேல் கழிந்தும் இக்குறை ஒழியவில்லை. மருந்து அறியப்படாமையால் நீடிக்கும் நோயன்று இது. முதற்பாடத்திலேயே நோய் ஊட்டப்படுவதும், மருந்து பிற்பாடத்திற்கு ஒத்திவைக்கப்படுவதுமே இதற்குக் காரணமாகும்.

மருந்து மிக எளியது. கட்டளையில் பயனாளரின் சொல் வரவேண்டிய இடத்தில் ஒரு வெற்றிடக் குறியை மட்டும் இட்டு, சொல்லைத் தனியே வேறாக அனுப்புதல் வேண்டும். அளவுருக் கட்டளை என இது வழங்கும். அஞ்சலகத்தில் பணவிடைப் படிவம் முன்னரே அச்சிடப்பட்டிருக்கிறது. அனுப்புவோர் பெயரையும் தொகையையும் உரிய கட்டங்களில் எழுதுகிறார். கட்டத்தில் எதை எழுதினாலும் படிவத்தின் வாசகம் மாறுவதில்லை. அளவுருக் கட்டளையும் அத்தகையதே. டிசூசாவின் பெயரும் ஏற்கப்படும். தீயவரின் சொற்களும் வெறும் சொற்களாகவே நின்றுவிடும்.

இதனோடு சேர்த்துச் சொல்லத்தக்கது ஒன்றுண்டு. தரவுத்தளத்தின் நிர்வாகிக்குரிய கணக்கையும் கடவுச்சொல்லையும் நிரலிலேயே எழுதிவைப்பது தொடக்க நிலையில் காணப்படும் வழக்கம். படிக்கவும் சேர்க்கவும் மட்டுமே உரிமையுள்ள தனிக் கணக்கொன்றை நிரலுக்கு அளித்தால், நிரலில் ஓட்டை இருப்பினும் அட்டவணையையே அழிக்கும் கட்டளை நிறைவேறாது.

ஓசையின்றி நேரும் கேடுகள்

பிழைச் செய்தி வருவது ஒருவகையில் நன்மையே. செய்தி எதுவும் இன்றிக் கெடும் தரவே பேராபத்து. ஆக்சஸ் தரவுத்தளத்திற்கு அனுப்பும் கட்டளையில் தேதியை எண்களாக ஒட்டி எழுதினால், அது அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னதாகக் கொள்கிறது. இந்திய எழுத்தர் 2024ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் தேதி என்னும் கருத்தில் 05/06/2024 என எழுதினால், மே மாதம் 6ஆம் தேதி பதிவாகும். 13/06/2024 என எழுதினாலோ, பதின்மூன்றாம் மாதம் இல்லையாதலால், ஜூன் 13 என்று சரியாகவே கொள்ளப்படும். மாதத்தின் முதற் 12 நாட்களில் பிழையும் பிந்திய நாட்களில் சரியுமாக ஏடு நிரம்பும், எச்சரிக்கையோ எழாது. தடுப்பூசி நாளைக் குறிக்கும் ஏட்டில் இதன் விளைவு என்னவாகும் என்பது விளக்க வேண்டாதது. தேதியைத் தேதி வகை அளவுருவாக அனுப்பினால் இக்கேடு நேராது.

தமிழ், கன்னடம், வங்காளம் முதலிய மொழிகளில் பெயர் எழுதுவோருக்கு மற்றொரு கேடு காத்திருக்கிறது. எஸ்.க்யூ.எல். சர்வர் என்னும் தரவுத்தளத்தில், யூனிகோடு அல்லாத பழைய எழுத்து வகையில் பத்தியை அமைத்துத் தமிழ்ப் பெயரைச் சேர்த்தால், பெயருக்கு ஈடாகக் கேள்விக்குறிகள் நிற்கும். அவ்வாறு சேர்ந்துவிட்ட பெயரை மீட்க வழியில்லை. அமெரிக்கப் பாடநூலின் மாதிரியைப் படியெடுக்கும் இந்திய மாணவருக்கு இதைச் சொல்லித்தருவோர் அரியர்.

மூன்றாவது, மின்தடை. உறுப்பினர் ஒருவரின் சேமிப்புக் கணக்கில் 500 ரூபாயைக் கழித்துக் கடன் கணக்கில் வரவு வைக்க இரண்டு கட்டளைகள் வேண்டும். முதலாவது நிறைவேறி இரண்டாவது நிறைவேறுமுன் மின்சாரம் நின்றால், 500 ரூபாய் எக்கணக்கிலும் இல்லாது போகும். இரண்டையும் ஒரே பரிவர்த்தனையாகக் கட்டியிருந்தால், ஒன்று இரண்டும் நிறைவேறும், அன்றேல் இரண்டும் நிறைவேறா. ஜிம் கிரே முதலிய அறிஞர்கள் 1970களில் வகுத்தளித்த இவ்வசதி இன்று இலவசமாகக் கிடைக்கும் தரவுத்தளங்களிலும் உண்டு. ஒரே கோப்பில் அடங்கி, தனிச் சேவையகம் எதுவும் வேண்டாத எஸ்.க்யூ.லைட்டும் இதனை உடையது.

ஓர் ஆட்சேபம்

தொடக்க மாணவரிடம் இவ்வளவையும் சுமத்தினால் அவர் அஞ்சி விலகிவிடுவார் என்றும், முதலில் எளிய முறையைக் காட்டி ஆர்வத்தை வளர்த்த பின்னர் செம்மையான முறையைக் கற்பிக்கலாம் என்றும் ஆசிரியர் சிலர் கூறுவர். ஆர்வம் குன்றலாகாது என்பதில் ஐயமில்லை. தம் கையால் எழுதிய நிரல் தரவுத்தளத்திலிருந்து முதல் வரியைக் கொணரும்போது மாணவர் அடையும் மகிழ்ச்சி, கல்வியின் உயிர்நாடி எனலாம்.

ஆயினும் ஒட்டு முறை உண்மையில் எளிதன்று. எந்தச் சொல்லுக்கு மேற்கோள் இடுவது, எந்த எண்ணுக்கு விடுவது, தேதியை எவ்வாறு அடைப்பது என்னும் தொல்லைகள் யாவும் அம்முறையினின்றே பிறக்கின்றன. தொடக்க மாணவரை அலைக்கழிக்கும் பிழைகளிற் கணிசமானவை இவையே. அளவுரு முறையில் சில வரிகள் மிகும், தொல்லைகள் ஒழியும். மேலும், பிந்திய பாடத்தில் திருத்திக்கொள்ளலாம் என்பது நடைமுறைக்கு ஒத்ததன்று. நிரல் ஓடத் தொடங்கிய பின்னர் அதனைத் திருத்துவோர் சிலரே. பலர் அந்தப் பிந்திய பாடத்தை எட்டுமுன்னரே வேலையில் அமர்ந்துவிடுகின்றனர்.

தேர்வறையில் செய்யத்தக்கது

அறிவுரையால் மட்டும் பழக்கம் மாறாது. தேர்வில் எது மதிப்பெண் பெறுகிறதோ அதுவே கற்கப்படும். இன்றைய செய்முறைத் தேர்வுகளில் நிரல் ஓடுகிறதா, பதிவு சேர்கிறதா என்று பார்ப்பதோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர். இதற்கு மேலாகத் தேர்வாளர் நான்கு சோதனைகளைச் செய்தல் தகும். ஒற்றை மேற்கோள் குறி கொண்ட பெயர் ஒன்றைச் சேர்க்கச் சொல்லலாம். ஜூன் 5ஆம் தேதியை இட்டு, அது ஜூன் 5 ஆகவே திரும்பி வருகிறதா எனக் காணலாம். மாணவர் தம் பெயரைத் தம் தாய்மொழியில் சேர்த்து மீண்டும் எடுத்துக் காட்டுமாறு பணிக்கலாம். இரண்டு கட்டளைகளுக்கு இடையே நிரலை நிறுத்தி, கணக்கு ஒத்துவருகிறதா எனச் சரிபார்க்கலாம். இவற்றிற்குப் புதிய கருவியோ தனிச் செலவோ வேண்டியதில்லை.

2023-ல் இந்தியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய மின்னிலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறர் விவரங்களை வைத்திருப்போர் தகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும் என வகுத்து, தவறுவோருக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கவும் இடமளிக்கிறது. சட்டத்தின் கடமை ஸ்தாபனத்தைச் சாரும். அந்த ஸ்தாபனத்தின் சங்கச் செயலாளரோ மருத்துவரோ நிரலின் உள்ளே நோக்க அறியார். அதை எழுதிய இளைஞரின் பயிற்சியையே அவர்கள் நம்பியிருக்கின்றனர். அந்த நம்பிக்கைக்கு உரிய முதற்பாடத்தை அளிப்பது பாடநூல் எழுதுவோர், ஆசிரியர், தேர்வாளர் ஆகிய மூவரின் பொறுப்பாகும். வரும் கல்வியாண்டின் செய்முறைத் தேர்விலேயே மேற்கூறிய நான்கு சோதனைகளையும் சேர்த்து இதனைத் தொடங்குவதற்குத் தடை யாதும் இல்லை.