குணமானவருக்கும் பூட்டா?

அசாமின் மச்சாங் லாலுங் 1951ல் கைதானார். மனநோய் என்று தேஜ்பூர் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். குணமாகிவிட்டார் என்று 1967ல் மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கா அனுப்பினார்கள்? கௌகாத்தி சிறைக்கு! வெளியே வந்தது 2005ல். விசாரணையே இல்லாமல் 54 ஆண்டுகள்!

அசாம் கதை நமக்கெதற்கு என்று இருந்துவிட முடியுமா?

செய்வது இன்னதென்று அறியாத நிலையில் மனநோயாளி குற்றம் செய்தால் சட்டம் தண்டிப்பதில்லை. காவலில் வைக்கும், அல்லது பொறுப்பேற்கும் உறவினரிடம் ஒப்படைக்கும். ‘வெளியே விட்டால் ஆபத்தா?’ என்பதே கேள்வி. அதற்கான பதில் நெற்றியில் எழுதி ஒட்டியிருப்பதல்ல. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, குடி, கஞ்சா உண்டா, முன்பு யாரையும் தாக்கியிருக்கிறாரா, போக வீடு இருக்கிறதா என்றெல்லாம் பார்த்துத்தான் மருத்துவர் சொல்ல முடியும். இன்றைய பதில் நாளை மாறும். அதனால்தான் 2017ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103வது பிரிவு ஆறு மாதத்துக்கொரு அறிக்கை கேட்கிறது.

வீட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை. அடிபட்டவரும் பல நேரம் அந்த வீட்டு ஆள்தான். பயம் இருக்கத்தானே செய்யும்? போய்ப் பார்த்துப் பேசினால்தான் அது தெளியும். நெல்லையிலிருந்து கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 600 கிலோமீட்டருக்கும் மேல். கூலிக்குப் போகும் தாய் எத்தனை முறை போய் வருவாள்?

பாளையங்கோட்டையில் மத்திய சிறை இருக்கிறது. அதே ஊர் ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. மாநிலத்தில் ஒரு சிறையிலாவது மனநல சிகிச்சை நிலையம் வேண்டும் என்கிறது சட்டம்; ஒன்றோடு நிறுத்தச் சொல்லவில்லையே! தென்மாவட்டக் கைதிகளுக்குச் சிகிச்சை பாளையங்கோட்டையிலேயே கிடைக்கட்டும். ஆறு மாத அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அந்தத் தாய்க்கும் அரசு தெரிவிக்கட்டும்.